நான்கு நாள் கடையைப் பூட்டலாம்: உதகை மலை ரயிலுக்கு ஒரு குடும்பத் திட்டம்



நம் தொழிலில் லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று நம்மில் பலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். காலையில் பால் பாக்கெட் வரும் நேரத்தில் ஷட்டரைத் தூக்கினால், இரண்டாவது ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளி கடைசியாக ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொசுவர்த்தியும் வாங்கிப்போன பிறகுதான் இறக்குகிறோம். ஓசூர் சிப்காட் வட்டாரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாததல்ல. ஜூஜூவாடி எல்லையில் இருப்பவர் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் கணக்குச் சொல்லி, இப்போது இந்தியிலும் எடை போடுகிறார். இத்தனை மொழி பேசுகிற நாம், வீட்டாரோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுகிறோமா என்றால் இல்லை.

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், கடையில் வேலை பார்ப்பவருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை தரச் சொல்கிறது. கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணுகிற வீட்டு அம்மாவுக்கு விடுமுறை தர எந்தச் சட்டமும் வராது. அதை நாம்தான் தர வேண்டும். எங்கள் வீட்டில் முப்பத்தைந்து வருடமாகக் கணக்கு நோட்டைப் பார்ப்பவர் எங்கள் துணைவியார். இப்போது படி ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார். தாயாருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. "பையன் தலையெடுத்த பிறகு போகலாம்" என்று தள்ளிப்போடுகிற பயணத்துக்கு, பையன் தலையெடுக்கும்போது முழங்கால் ஒத்துழைக்காது. சரக்குக்கு மட்டும்தான் காலாவதித் தேதி உண்டு என்று நினைக்க வேண்டாம்.

வியாபாரக் குடும்பம் ஊருக்குப் போக முடியாமல் கிடப்பதற்குப் பணத்தைக் காரணம் சொல்கிறோம். யோசித்துப் பார்த்தால் பல வீடுகளில் தடையாக நிற்பது தேதிதான். கொள்முதலுக்குத் தேதி குறிக்கிறோம், வசூலுக்குத் தேதி குறிக்கிறோம், பயணத்துக்கு மட்டும் குறிப்பதில்லை. கொள்முதல் போடுகிற அதே புத்தியோடு ஒரு குடும்ப ரயில் பயணத்தைத் திட்டமிட முடியும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் நீலகிரி மலை ரயிலை வைத்து அதை இங்கே விளக்குகிறோம்.

முதலில் தேதி

நம் கடை நாட்காட்டியை எடுத்துக்கொள்வோம். மாதத்தின் முதல் பத்து நாள் கடையை மூட முடியாது. கம்பெனிச் சம்பளம் வருவதும், மாத மளிகை போவதும், கடன் நோட்டில் நிலுவை வசூலாவதும் அந்த நாட்களில்தான். அதன் பிறகு ஜி.எஸ்.டி. வேலை. மாதக் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதி ஒரு படிவம், 20ஆம் தேதி 3பி படிவம். ஆக, 21ஆம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில்தான் நமக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம்.

அடுத்தது, எந்த மாதம்? பள்ளி விடுமுறையைப் பார்த்தால் மே மாதம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் மே மாதம் உதகையில் சீசன். ரயிலிலும் இடம் கிடைக்காது, தங்கும் விடுதியிலும் விலை ஏறியிருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் வியாபாரம் பார்ப்பவர்களுக்கோ அது மூச்சுவிட முடியாத நேரம். செப்டம்பர் கடைசி, அக்டோபர் என்றால் ஆயுத பூஜை, தீபாவளிச் சரக்கு. அது மட்டுமல்ல, வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து மலை ரயில் நின்றுபோவது பல ஆண்டுகளில் நடந்திருக்கிறது. டிசம்பர் முடிய அந்தப் பயம் உண்டு. ஜனவரியில் பொங்கல் சரக்கு. அதற்குப் பிறகு வருகிற பிப்ரவரியில் பெரிய பண்டிகைச் சரக்கு கிடையாது, மழை இல்லை, கூட்டமும் குறைவு. பிள்ளைக்கு இரண்டு மூன்று நாள் லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தால் குடி முழுகிவிடாது. பொதுத் தேர்வு எழுதுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் அந்த வருடத்தை விட்டுவிடலாம்.

ஆகவே பிப்ரவரி 21 முதல் 25 வரை என்று வைத்துக்கொள்வோம்.

எந்தப் பாதை

நம் பகுதிக்கு ரயில் புதிதல்ல. ஒரு காலத்தில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும் குறுகிய பாதையில் சின்ன ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தப் பாதைகள் மூடப்பட்டன. ஓசூருக்குப் பிறகு பெரிய பாதை வந்துவிட்டது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இன்னும் ரயில் நிலையம் இல்லை. கிருஷ்ணகிரி அன்பர்கள் ஓசூருக்கோ தருமபுரிக்கோ பேருந்தில் போய்த்தான் ஏற வேண்டும். கோவை திசைக்குப் போகிறவர்கள் வடக்கே ஓசூருக்குப் போய்விட்டுத் திரும்ப வேண்டியதில்லை, தருமபுரியே வசதி.

பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போகும் இன்டர்சிட்டி எக்ஸ்பிரஸ் காலையில் ஓசூரிலும் பிறகு தருமபுரியிலும் நின்று, சேலம், ஈரோடு, திருப்பூர் வழியாக மதிய நேரத்தில் கோவைக்குப் போய்ச் சேர்கிறது. பகல் வண்டி என்பதால் தாயார் எந்தப் பெர்த்தில் ஏறுவார் என்ற கவலை இல்லை. கோவையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பாசஞ்சர் ரயிலும் உண்டு, பேருந்தும் அடிக்கடி உண்டு. ஒரு மணி நேரப் பாதை.

திரும்பி வர வந்தே பாரத் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று தொடங்கப்பட்ட கோவை – பெங்களூர் வண்டி அது. காலையில் கோவையில் ஏறினால் சேலம், தருமபுரி வழியாக நண்பகல் வாக்கில் ஓசூரில் இறங்கிவிடலாம். எந்தெந்தக் கிழமை ஓடுகிறது என்பதை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரயில் நேரங்கள் மாறக்கூடியவை. இந்தப் பக்கத்தை வைத்து முடிவு செய்யாமல் 139க்குப் போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது.

காரில் போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வெளியூர் வாகனங்கள் போக இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. ரயிலிலும் அரசுப் பேருந்திலும் போகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதைவிட முக்கியம், காரில் போனால் ஓட்டுபவர் சாலையைத்தான் பார்ப்பார். ரயிலில் எல்லோரும் ஒரே ஜன்னலைப் பார்க்கலாம்.

கிடைக்காத சரக்கை முதலில் பிடிக்க வேண்டும்

மண்டியில் நமக்குத் தெரிந்த பாடம் ஒன்று உண்டு. எது தட்டுப்பாடோ அதை முதலில் பேசி முடித்துவிட்டு, எங்கும் கிடைப்பதைப் பிறகு வாங்க வேண்டும். பயணத்திலும் இதே வழிதான். கோவைக்குப் போக ஒரு வண்டி இல்லாவிட்டால் இன்னொரு வண்டி, அதுவும் இல்லாவிட்டால் பேருந்து. ஆனால் மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குப் புறப்படும் மலை ரயிலில் இருப்பது சில சின்னப் பெட்டிகள் மட்டுமே. பதிவு திறந்த உடனே நிரம்பிவிடுகிறது. ஆகவே அது கிடைத்தால்தான் பயணம், அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம்.

முன்பதிவுக் காலம் முன்பு 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பதிவு காலை 8 மணிக்குத் திறக்கும். நம் கணக்குப்படி:

பிப்ரவரி 21, ஓசூர் – கோவை: டிசம்பர் 23இல் திறக்கும்.
பிப்ரவரி 22, மேட்டுப்பாளையம் – உதகை: டிசம்பர் 24.
பிப்ரவரி 24, உதகை – மேட்டுப்பாளையம்: டிசம்பர் 26.
பிப்ரவரி 25, கோவை – ஓசூர்: டிசம்பர் 27.

டிசம்பர் 24 காலையில் மலை ரயில் கிடைத்த பிறகு மற்றவற்றைப் பதிவு செய்யலாம். கிடைக்காவிட்டால் தேதியை ஒரு நாள் தள்ளி மறுநாள் காலை முயலலாம். விடுதிக்கு முன்பணம் கட்டுவது அதற்குப் பிறகுதான்.

இங்கே சில நடைமுறைகள் தெரிந்திருக்க வேண்டும். ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது. ஏழு பேர் குடும்பம் என்றால் இரண்டு டிக்கெட். அப்படிப் பிரிக்கும்போது முதியவர் ஒருவரும் வாலிபர் ஒருவரும் சேர்ந்து இருக்கும்படி பிரிக்க வேண்டும். ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தனி இடம் வேண்டாமென்றால் டிக்கெட் வேண்டாம். மூத்த குடிமக்களுக்கு முன்பு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, ஆகவே தாயாருக்கும் முழுக் கட்டணம்தான் போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். வீட்டில் பையனோ மருமகளோ ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கு வைத்திருந்தால் அதை ஆதாரோடு முன்கூட்டியே இணைத்து வைக்கச் சொல்லுங்கள். பதிவு திறக்கிற காலையில் உட்கார்ந்து இணைத்துக்கொண்டிருந்தால் இடம் போய்விடும். ஆன்லைனில் காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்ட டிக்கெட், சார்ட் போட்டதும் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை நம்பி வண்டியில் ஏறக்கூடாது. மழை, மண் சரிவு என்று ரயில்வேயே வண்டியை நிறுத்தினால் முழுப் பணமும் வந்துவிடும். நாமாக ரத்து செய்தால் நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் ஏறும். முடிவை மாற்றுவதானால் சீக்கிரம் மாற்றுவது லாபம்.

மலை ரயிலில் இடம் கிடைக்கவேயில்லை என்றாலும் பயணத்தைக் கைவிட வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் குன்னூர் போய், அங்கிருந்து உதகைக்குப் பகலில் பல முறை ஓடும் ரயிலில் ஏறலாம். பல்சக்கரம் ஏறும் பகுதியைப் பார்க்க முடியாது. ஆனால் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகமான பயணம் கிடைக்கும்.

இத்தாலியிலும் இதே கணக்குதான்

நம் சங்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிலர் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, அங்கிருந்து ஐரோப்பா போய் வருகிறார்கள். "வடக்கு இத்தாலியில் ரயிலிலேயே சுற்றலாம், வாருங்கள்" என்று பெற்றோரை அழைக்கிறவர்களும் உண்டு. போகிற வாய்ப்பு வந்தால் போய் வாருங்கள். அங்கேயும் மிலான் நகரத்திலிருந்து கோமோ ஏரிக் கரையோரமாக இரண்டரை மணி நேரம் சாதாரண ரயிலில் போனால் திரானோ என்கிற எல்லை ஊர் வருகிறது. நமக்கு ஜூஜூவாடி மாதிரி, அவர்களுக்குச் சுவிட்சர்லாந்து எல்லை. அங்கிருந்து மலையேறும் பெர்னினா ரயில் பாதை 1910இல் முடிக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 2,253 மீட்டர் வரை ஏறுகிறது. நம் உதகை ரயில் நிலையமும் ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது.

திட்டமிடுகிற முறையும் நம்முடையதுதான். பெர்னினா எக்ஸ்பிரஸின் பெரிய கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்பதிவு கட்டாயம், அதை முதலில் பிடிக்க வேண்டும். அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலுக்கு முன்பதிவு வேண்டாம். இத்தாலியின் அதிவேக வண்டிகளில் முந்திப் பதிவு செய்தால் கட்டணம் குறைவு, வட்டார வண்டிகளில் எப்போது வாங்கினாலும் ஒரே விலை. ஆக, அங்கே போகிறவரும் விலை ஏறுகிற சரக்கையும் தட்டுப்பாடான சரக்கையும் முதலில் வாங்கிவிட்டு, மற்றதை அன்றன்று பார்த்துக்கொள்ளலாம். தினம் ஒரு ஊரில் மூட்டை கட்டாமல், ஒரு ஊரில் தங்கி அங்கிருந்து போய் வருவது பெரியவர்களுக்கு எந்த நாட்டிலும் நல்லது.

பெர்னினா பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது 2008இல். நம் நீலகிரி ரயில் அந்தப் பெருமையை 2005லேயே பெற்றுவிட்டது. பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் அரை நாளில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் அது இருக்கிறது.

ஐந்து நாள் நடப்பு

முதல் நாள் ஓசூரில் ஏறி, மாலைக்குள் மேட்டுப்பாளையம் போய்த் தங்கிவிட வேண்டும். இரவு வண்டியில் போய் விடிகாலை இறங்கி அப்படியே மலை ரயிலில் ஏறுவது இளைஞர்களுக்குச் சரி, எண்பது வயதுக்குச் சரிவராது. மேட்டுப்பாளையம் நமக்கு அந்நியமான ஊரும் அல்ல. நீலகிரி உருளைக்கிழங்கும் பூண்டும் இறங்கி ஏலம் போகிற சந்தை அது. நம் மண்டியில் மூட்டை பிரிக்கிற சரக்கு எங்கிருந்து கிளம்புகிறது என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

இரண்டாம் நாள் மலை ரயில். 46 கிலோமீட்டர் தூரத்தை ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகை வரை 1908இலும் திறக்கப்பட்ட பாதை. 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். கல்லாறு வரை சமதளம். அதற்கப்பால் குன்னூர் வரை, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது. எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயரம் என்கிற அளவுக்குச் செங்குத்து. நீராவி எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளுகிறது. மூட்டை ஏற்றிய கைவண்டியை மேட்டில் ஏற்றுகிறவர் பின்னால் நின்று தள்ளுவதைப் போல என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். இந்தப் பாதைக்குப் புதிய எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம் தொழிலாளர்களே செய்து கொடுத்திருக்கிறார்கள். குன்னூரில் எஞ்சின் மாறுகிறது, அங்கிருந்து உதகை வரை டீசல்.

மூன்றாம் நாள் உதகையில் தங்கல். 1848இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவை நிதானமாகப் பார்க்கலாம். வேண்டுமானால் குன்னூருக்கு ரயிலிலேயே ஒரு நடை போய்த் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைப் பார்த்து வரலாம். நாம் கால் கிலோ, அரைக் கிலோ என்று கட்டிக் கொடுக்கிற தூள், இலையிலிருந்து எப்படி வருகிறது என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியாது. இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழர்களின் மறுவாழ்வுக்காக 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்கள்தான் டான்டீ என்பதையும் சொல்லி வையுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். "வந்ததுதான் வந்தோம், ஏலத்தைப் பார்த்து ஒரு லோடு பேசி முடிப்போம்" என்று கிளம்பிவிடாதீர்கள். அதற்கு வேறு நாள் இருக்கிறது. ஒரு மணி நேரம் சரக்கைப் பார்த்தால் போதும். மிச்சம் வீட்டாருடையது.

நான்காம் நாள் பிற்பகல் 2 மணிக்கு உதகையில் புறப்படும் ரயிலில் இறங்கினால் மூன்றரை மணி நேரத்தில் மேட்டுப்பாளையம். இரவு கோவையில் தங்கி, ஐந்தாம் நாள் காலை வண்டியில் ஓசூர். அன்று மாலையே கடை திறக்கலாம்.

பெரியவர்கள், பிள்ளைகள்

மலை ரயில் பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. நிற்கும் நிலையங்களில்தான் இறங்கிப் போய்வர வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இதை முன்பே சொல்லித் தயார் செய்ய வேண்டும். ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும்போது போய்வரலாம். அங்கே குரங்குகள் அதிகம், கையில் தின்பண்டத்தோடு இறங்க வேண்டாம். பிப்ரவரியிலும் உதகையில் இரவுக் குளிர் கடுமை. ஸ்வெட்டர், காதுக்கு மப்ளர், பெரியவர்களுக்குக் காலுறை கட்டாயம். மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாக, கைப்பையில் வைக்க வேண்டும். எல்லோருடைய ஆதார் அட்டையும் ஒரே உறையில், ஒருவர் பொறுப்பில்.

நீலகிரி மாவட்டத்தில் ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் உட்பட. கடையிலிருந்து ஒரு பெட்டி தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போகாமல், எவர்சில்வர் பாட்டில்களை எடுத்துப் போக வேண்டும். முதல் நாளுக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் போதும். மறுநாளிலிருந்து சமையலறைப் பக்கம் வீட்டு அம்மாக்கள் போகவே கூடாது என்பதுதான் இந்தப் பயணத்தின் சட்டம்.

கடையைப் பூட்டும் முன்

பதினைந்து நாளுக்கு முன்பே கடை வாசலில் போர்டு எழுதி வைத்துவிட வேண்டும். மாத வாடிக்கைக்காரர்களிடம் வாயாலும் சொல்ல வேண்டும். கம்பெனி சேல்ஸ்மேன்களிடமும் ஏஜென்சிகளிடமும் அந்த நாட்களில் சரக்கு இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். 17ஆம் தேதியிலிருந்தே தயிர், ரொட்டி, முட்டை, காய்கறி இண்டென்ட்டைக் குறைத்துக்கொண்டே வந்தால், 20ஆம் தேதி இரவு வீணாவதற்கு எதுவும் மிஞ்சாது. 3பி படிவத்தை 20ஆம் தேதி கடைசி நேரத்துக்கு வைக்காமல் 18ஆம் தேதியே ஆடிட்டரிடம் முடித்துவிட வேண்டும்.

கல்லாவில் பணம் வைக்கக் கூடாது, பாங்கில் கட்டிவிட வேண்டும். எலித் தொல்லைக்கு வழி செய்து, எண்ணெய் டின்களைச் சரிபார்த்து, ஐஸ்கிரீம் பெட்டி தவிர மற்ற மின்சாரத்தை நிறுத்த வேண்டும். கடைக் காப்பீடு இருந்தால் பாலிசியைப் படித்துப் பார்க்க வேண்டும். தொடர்ந்து பல நாள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் இழப்பீடு இல்லை என்ற நிபந்தனை சில திருட்டுக் காப்பீடுகளில் உண்டு. கடைப் பையன்களுக்கு அந்த நாட்களுக்கும் சம்பளம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதலாளி ஊருக்குப் போனதால் தொழிலாளி வீட்டில் உலை கொதிக்கவில்லை என்ற பேச்சு வரக்கூடாது. வியாபாரப் போனை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மலை ரயிலில் ஏறுகிறவர் பாதிக் கடையைத் தலையில் சுமந்துகொண்டு ஏறுகிறார்.

வாடிக்கை போய்விடுமா?

எல்லோருக்கும் உள்ள பயம் இதுதான். ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 15,000 ரூபாய் வியாபாரம், பத்து சதவீதம் கழிவு என்றால் 1,500 ரூபாய். நாலரை நாளுக்கு 6,750 ரூபாய். இதையும் முழு நஷ்டம் என்று சொல்ல முடியாது. அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்குகிறவர் போர்டைப் பார்த்து முந்தின நாள் வாங்கிவிடுவார், அல்லது திறந்த பிறகு வருவார். முழுவதும் நஷ்டம் என்றே வைத்தாலும் வருடத்துக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய்கூட இல்லை. பயணச் செலவுக்குத் தனியாக ஒரு பத்து மாதச் சீட்டுப் போட்டு வைத்தால் முதலிலும் கை வைக்க வேண்டியதில்லை.

பெரிய கம்பெனிகளின் சூப்பர் மார்க்கெட்டும், பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் சரக்குக் கொடுக்கும் ஆட்களும் வந்துவிட்ட காலத்தில் நாலு நாள் மூடலாமா என்று கேட்பது நியாயம்தான். அவர்களிடம் போகிறவர் நாம் திறந்திருக்கும்போதும் போகிறார். நம்மிடம் வருகிறவர் கடன் நோட்டுக்காகவும், "அண்ணாச்சி, பையன்கிட்ட கொடுத்து விடுங்க" என்று சொல்லக்கூடிய உரிமைக்காகவும் வருகிறார். ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்துக்குக் கடை அடைக்கிறோம், மறுநாள் அதே முகங்கள்தானே வருகின்றன?

இதில் சங்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரே தெருவில் உள்ள இரண்டு மூன்று கடைக்காரர்கள் பேசிக்கொண்டு, ஒருவர் போகும்போது மற்றவர் அவருடைய பால் வாடிக்கையையும் அவசரச் சரக்கையும் பார்த்துக்கொள்ளலாம். லாபத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும். அடுத்த முறை இவர் போகும்போது அவர் பார்ப்பார். எதிர்க்கடை என்று நாம் சொல்வது வாசல் எதிரெதிரே இருப்பதால்தான், மனதில் எதிர்ப்பு இருக்க வேண்டியதில்லை. கிளைக் கூட்டங்களில் தெருவாரியாக இப்படி ஒரு முறை பேசி வைத்தால், ஒரு வருடத்தில் எத்தனையோ குடும்பங்கள் மலை ஏறி இறங்கிவிடும்.

இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடையில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் டிசம்பர் 24ஆம் தேதித் தாளில் "காலை 8 மணி, மலை ரயில்" என்று எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு வாசலில் வைக்கிற போர்டுக்கு வாசகம் வேண்டுமானால் இது போதும்: "பிப்ரவரி 21 முதல் 24 வரை கடை விடுமுறை. 25 மாலை 5 மணிக்குத் திறக்கும். குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம்." கடைசி வரியை வெட்கப்படாமல் எழுதுங்கள். வாடிக்கையாளர்களும் குடும்பம் உள்ளவர்கள்தான்.